பின் ஆயில் சீலா, டிஸ்ட்ரிபியூட்டர் ரிங்கா? பழைய மாருதி 800-இல் எண்ணெய்க் கசிவைக் கண்டுபிடிப்பது

கேள்வி இதுதான்: அப்பா 1997-இல் வாங்கிய மாருதி 800, கார்புரேட்டர் மாடல். இப்போதும் தினமும் ஓடுகிறது. சில மாதங்களாகக் காலையில் வண்டியை எடுத்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. மாதத்துக்கு அரை லிட்டர் எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுவதால், கியர்பாக்ஸை இறக்கி கிராங்க்கின் (எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு) பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது பின் ஆயில் சீலை, மாற்ற வேண்டும் என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்காதீர்கள். ஒர்க்‌ஷாப்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. சொட்டும் இடத்தை அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அந்த எண்ணெய் எங்கிருந்து கிளம்பி அங்கே வந்தது என்பதைத்தான் இன்னும் யாரும் பார்க்கவில்லை. ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஓடு உடைந்திருப்பது ஒரு மூலையில். மழைத்தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே வந்து சொட்டுவது நடுக்கூடத்தில். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஏறி ஓடு மாற்றினால் அடுத்த மழைக்கும் ஒழுகும்.

உங்கள் வண்டியில் இருப்பது மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். வண்டியின் அகலவாக்கில் படுத்திருக்கும். ஒரு முனையில் டைமிங் பெல்ட், மறு முனையில் கிளட்சும் கியர்பாக்ஸும். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் பாகம், சில பழைய மெக்கானிக்குகள் டெல்கோ என்பார்கள்) சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுழற்றுவது கேம்ஷாஃப்ட், வால்வுகளைத் திறக்கும் தண்டு. ஆகவே அதன் அடிப்பாகத்தில் எப்போதும் எஞ்சின் ஆயில் இருக்கும். அந்த ஆயில் வெளியே வராமல் தடுப்பது ஒரு சின்ன ரப்பர் வளையம், ஓ-ரிங். எஞ்சின் சூட்டில் பல வருடம் வெந்த பிறகு அது ரப்பராக இருக்காது. வளைத்தால் அப்பளம் மாதிரி ஒடியும். அப்போது கசியும் ஆயில் நேராகக் கீழே இறங்குகிறது. கீழே என்ன இருக்கிறது? கிளட்ச் ஹவுசிங். அதன் வெளிப்பக்கமாக வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கோட்டைப் பிடித்து, அடியில் சொட்டுகிறது. பின் ஆயில் சீல் போனாலும் சொட்டுவது அதே இடத்தில்தான். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இது எனக்குக் காசு கொடுத்துத் தெரிந்த விஷயம். என்னுடையதும் கார்புரேட்டர் 800. இதே கறை, இதே தீர்ப்பு. கியர்பாக்ஸை இறக்கினார்கள், சீல் மாற்றினார்கள், ‘இறக்கினதுதான் இறக்கினோம்’ என்று கிளட்ச் பிளேட்டும் புதிதாகப் போட்டார்கள். மூன்றாவது வாரம் கறை திரும்பி வந்தது. சீல் குவாலிட்டி சரியில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் இறக்கினார்கள். மறுபடியும் கறை. கடைசியில், வேலையை விட்டு ஓய்ந்து வீட்டில் இருந்த ஒரு வயதான மெக்கானிக் வந்து பார்த்தார். ஜாக்கி கேட்கவில்லை, ஸ்பானர் கேட்கவில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் விரலை விட்டுத் துழாவி, கறுப்பாக வெளியே எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். ரிங்கின் விலை ஒரு காப்பிச் செலவு. அதற்கு முன்னால் ஆன செலவை வீட்டில் நான் இன்றுவரை முழுசாகச் சொல்லவில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். அதே ரிங்தான் என்று நானும் இங்கிருந்தே தீர்ப்புச் சொன்னால் எனக்கும் அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் வித்தியாசம் இல்லை. பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் கொஞ்சம் கணக்கு. தண்ணீர் போன்ற திரவம் சுமார் இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. எண்ணெய்க்கும் அந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். ராத்திரி பத்து சொட்டு விழுந்தால் சிமெண்ட் தரையில் பயமுறுத்தும் அளவுக்குக் கறை பரவும். ஆனால் அது அரை மில்லிதான். மாதம் முழுக்கச் சொட்டினாலும் 15 மில்லி. நீங்கள் ஊற்றுவது 500 மில்லி. மீதி எங்கே போகிறது? ஒன்று, வண்டி ஓடும்போது அதிகமாகக் கசிகிறது. நின்ற பிறகு நீங்கள் பார்ப்பது கடைசி மிச்சம் மட்டும். அல்லது எஞ்சின் உள்ளே எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரில் நீலம் கலந்த புகை ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் தேய்ந்து ராத்திரி முழுக்க ஆயில் உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வெளியே எந்த ரிங்கை மாற்றினாலும் அது குறையாது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், கசிவை அடைத்த பிறகும் டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கினால் ‘வேலை சரியில்லை’ என்று நீங்கள் நினைக்கக்கூடாது. இரண்டும் தனித்தனிச் சங்கதியாக இருக்கலாம்.

அடுத்து, சொட்டுவது எது என்று உறுதிப்படுத்துங்கள். எஞ்சின் ஆயில்தானே என்று கேட்காதீர்கள். பழைய வண்டியில் நாலைந்து திரவம் ஓடுகிறது. ராத்திரி வண்டியை நிறுத்தியதும் அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரியுங்கள். முன்சக்கரம் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். காலையில் கறை எந்தச் சக்கரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அட்டையே சொல்லும். எஞ்சின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ, விரலில் மெலிதாக வழுக்கும். கியர் ஆயில் அதைவிடக் கெட்டி. அதிலிருக்கும் கந்தகச் சேர்மத்தால் ஒரு கெட்ட நாற்றம் அடிக்கும், ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது. அது சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸில் நுழையும் இடத்துச் சீலில்தான் பெரும்பாலும் கசியும். கூலண்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ, பிசுபிசுப்பாக, லேசான தித்திப்பு வாசனையோடு இருக்கும். ஏசி போட்டு வந்த பிறகு முன்சீட்டில் இருப்பவர் கால் வைக்கும் பக்கம் கீழே சொட்டும் சுத்தமான தண்ணீர் பழுதே இல்லை. அதற்காக ஒர்க்‌ஷாப்புக்குப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. சக்கரத்தின் உட்புறமாக ஈரம் வழிந்திருந்தாலோ, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கிக்கொண்டே வந்தாலோ, வண்டியை எடுக்காதீர்கள். சக்கரத்துக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் கசிந்தால் பிரேக் ஷூ நனையும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும், பிறகு பெடல் தரைவரை போகும். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால், பிரேக் பூஸ்டர் இருக்கும் வண்டியில் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் பூஸ்டருக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கலாம். அதில் சிக்கனம், தள்ளிப்போடுதல் எதுவும் வேண்டாம்.

எஞ்சின் ஆயில்தான் என்று உறுதியானதும், கழுவ வேண்டும். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இருபது வருட அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாக அப்பியிருக்கும் எஞ்சினில் கசிவைத் தேடுவது, மழை பெய்யும்போது வேர்வையைத் தேடுவது மாதிரி. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் வாய் மூன்றையும் பாலித்தீன் பையால் கட்டிவிட்டு, டிகிரீசர் அடித்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். டீசல் வாஷ் நம் ஊர்ப் பழக்கம். அழுக்கு நன்றாகவே போகும், ஆனால் ரப்பர் ஹோஸுக்கு நல்லதில்லை, மிச்சம் இருந்தால் சைலன்சர் சூட்டில் புகையும். டீசல்தான் இருக்கிறது என்றால் கடைசியில் சோப்புத் தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள். பிறகு வெயிலில் நன்றாகக் காயட்டும்.

காய்ந்த எஞ்சினில் சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவுங்கள். டேப்பெட் கவர் (எஞ்சினின் உச்சியில் இருக்கும் மூடி) விளிம்பு, டிஸ்ட்ரிபியூட்டரின் அடி, பெட்ரோல் பம்ப் உட்காரும் இடம், ஆயில் ஃபில்டரின் கழுத்து, ஆயில் பிரஷர் சுவிட்ச். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு டார்ச்சும் ஷேவிங் கண்ணாடி மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் துணியும் போகாமல் கவனம். வெள்ளைப் பவுடரில் ஈரம் முதலில் எங்கே ஊறுகிறதோ அதுதான் இடம். பத்து நிமிடத்தில் எதுவும் தெரியாவிட்டால் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி பாருங்கள். ஆனால் ஓட்டிய பிறகு எதிர்க்காற்று எண்ணெயைப் பின்பக்கமாகத் தள்ளியிருக்கும் என்பதை ஞாபகம் வையுங்கள். ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக மேலே, எது மிக முன்னே இருக்கிறதோ அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பின் சீலா இல்லையா என்பதைத் தீர்க்க இன்னொரு சோதனை, என் கணக்கில் இதுதான் முக்கியம். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு மூடித்தகடு இருக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போக வேண்டாம்), அந்தத் தகட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். பின் சீல் போயிருந்தால் ஆயில் ஃபிளைவீலுக்கு (கிராங்க்கின் முனையில் சுழலும் கனமான சக்கரம்) பின்னாலிருந்து வரும். சுழலும் வீல் அதை வாரி அடித்து ஹவுசிங்கின் உட்சுவர் முழுக்கத் தெளித்திருக்கும். உள்ளே வறண்ட தூசியாக இருந்து வெளியே மட்டும் நனைந்திருந்தால், எண்ணெய் மேலிருந்துதான் வந்திருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கும் பேச்சே தேவையில்லை. உள்ளே ஈரமாக இருந்து, முகர்ந்தால் கந்தக நாற்றம் அடித்தால், அது கிராங்க் சீலும் இல்லை, கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டின் சீல், அதாவது இன்புட் ஷாஃப்ட் சீல். ஒர்க்‌ஷாப்பில் ‘இந்தத் தகட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

எந்தப் பேக்கிங்கையும் (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் வைக்கும் அடைப்பு) மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். டேப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் பிரீதர் ஹோஸ். எஞ்சினுக்குள் சேரும் அழுத்தம் வெளியேற அதுதான் வழி. அது ஆயில் கசண்டு ஏறி அடைத்துக்கொண்டால், உள்ளே சேரும் அழுத்தம் எந்தச் சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி, சும்மா மேலே வைத்துப் பாருங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. மூடி எழும்பிக் குதித்தால் ஹோஸ் அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஹோஸைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகும் குதித்தால், புது சீல் போட்டாலும் ஆறு மாதம்தான். அதேபோல டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் கசியும். இந்த எஞ்சினுக்கு மொத்தமே ஏறத்தாழ மூன்று லிட்டர்தான். ‘கூட இருந்தால் நல்லதுதானே’ என்று ஊற்றும் நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள்.

டேப்பெட் கவரில் கசிந்தால் அது சின்ன வேலை. புதுப் பேக்கிங், கவர் போல்ட்டுகளுக்குக் கீழே இருக்கும் ரப்பர் வாஷர்களும் புதிது. கசிகிறது என்று போல்ட்டை இன்னும் இறுக்குவார்கள். தகரக் கவர் வளைந்து கசிவு அதிகமாகும். ஆயில் பிரஷர் சுவிட்ச் என்றால் அதன் ஒயரை உருவிப் பாருங்கள்; உருவிய இடத்தில் ஆயில் இருந்தால் சுவிட்சுக்குள் கிழிந்திருக்கிறது, மாற்றிவிட வேண்டியதுதான். ஃபில்டர் மாற்றிய மறுநாளே கசிந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் ரிங் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது ரிங் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் ரிங்தான் என்று தெரிந்தால், அதை நீங்களே மாற்றலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். டிஸ்ட்ரிபியூட்டரின் மேல்மூடியை (கேப்) கழற்றுங்கள், ஒயர்களை உருவ வேண்டாம். கேப்போடு சேர்த்து ஓரமாக ஒதுக்கினால் போதும். ரோட்டார் (கேப்புக்கு அடியில் சுழலும் துண்டு) எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாடியில் பெயிண்டால் ஒரு கோடு. டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்கும் அது உட்காரும் இடத்துக்கும் குறுக்கே இன்னொரு கோடு. செல்போனில் இரண்டு படமும் எடுத்துவிடுங்கள். பிறகு போல்ட்டைக் கழற்றி மேலே இழுக்கும்போது ரோட்டார் தானாகவே கொஞ்சம் திரும்பும். உள்ளே இருப்பது சாய்வுப்பல் கியர். பயப்பட வேண்டாம், திரும்பி நின்ற இடத்தையும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப இறக்கும்போது அந்த இரண்டாவது கோட்டில் வைத்து ஆரம்பித்தால், உட்காரும்போது முதல் கோட்டுக்கு வந்து நிற்கும். அது வெளியே இருக்கும் நேரத்தில் யாரும் சாவியைத் திருப்பக்கூடாது. சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது உத்தமம்.

ரிங் வாங்கும்போது பழையதைக் கொண்டுபோய் ‘இதே சைஸ்’ என்று கேட்காதீர்கள். பழையது தட்டையாகிச் சுருங்கியிருக்கும். அதே சைஸ் வாங்கினால் அதுவும் கசியும். வண்டி மாடல் சொல்லி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேளுங்கள். குழாய் ரிப்பேர்க் கடை ரிங் வேண்டவே வேண்டாம். சாதாரண ரப்பர் எஞ்சின் ஆயிலில் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். நைட்ரைல் ரப்பர் வேண்டும், விட்டான் (Viton) என்ற ரப்பர் கிடைத்தால் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். பள்ளத்தைத் துணியால் துடைத்து, ரிங்கில் எஞ்சின் ஆயில் தடவிப் போடுங்கள். வறட்டு ரிங் இறங்கும்போது முறுக்கிக் கிழியும். டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் கியர் கேஸ் ஹெட்டோடு சேரும் இடத்தையும் அப்போதே தடவிப் பாருங்கள். சில வண்டிகளில் கசிவு ரிங்கில் இல்லாமல் அந்த இணைப்பில் இருக்கும். எல்லாம் பூட்டிய பிறகு ஒரு டைமிங் லைட் இருக்கும் இடத்தில் இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்த்துவிடுங்கள். கண் கணக்கில் பூட்டியது நாலைந்து டிகிரி தள்ளி நின்றால் வண்டி ஓடும், ஆனால் இழுக்காது, பெட்ரோல் குடிக்கும்.

பசை பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கம்பெனி சிலிக்கான் பசையாக இருந்தாலும் நம் மெக்கானிக்குகளுக்கு அது ‘அனபாண்ட்’தான். ரிங் போடும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. ஆயில் சேம்பர் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) போன்ற இடத்தில் மெலிசாக ஒரு கோடு இழுத்தால் நல்லது. கேக்குக்கு க்ரீம் வைப்பதுபோல அப்பினால், வெளியே பிதுங்குவது நமக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து சேம்பரில் விழுந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் எஞ்சினையே நிறுத்திய கதைகள் உண்டு. ‘லீக் ஸ்டாப்’ என்று விற்கும் டப்பாக்கள் காய்ந்த சீலைக் கொஞ்சம் ஊறவைத்து உப்பச்செய்யும். சில மாதம் ஓட்டலாம். ஒடிந்துபோன ரிங்கில் அதனால் ஒன்றும் ஆகாது. 20டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் கசிவு குறையும் என்பதும் அதே வகைதான், குறையும், நிற்காது.

இவ்வளவும் பார்த்து, தகட்டைக் கழற்றினால் உள்ளே ஈரம், நாற்றம் இல்லாத கறுப்பு எஞ்சின் ஆயில், மேலே எல்லாம் காய்ந்திருக்கிறது என்றால், ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி. தாராளமாக இறக்கச் சொல்லுங்கள். அப்போது கிராங்க் பின் சீலோடு அதைத் தாங்கும் ஹவுசிங்கின் பேக்கிங், கியர்பாக்ஸ் இன்புட் சீல், கிளட்ச் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பொருளுக்கு ஆவது கொஞ்சம், கூலிதான் பெரிது. அதை இரண்டு தடவை கொடுக்க வேண்டாம். கிளட்ச் பிளேட் ஆயிலில் நனைந்திருந்தால் கழுவித் திரும்பப் போடுவது வீண், ஏற்றத்தில் வழுக்கும். பழைய சீலின் உதடு உரசிய இடத்தில் கிராங்க்கில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். விழுந்திருந்தால் புது சீலை ஹவுசிங்கில் ஒரு மில்லிமீட்டர் மாற்றி உட்காரவைக்க முடியுமா என்று கேளுங்கள், உதடு தேயாத இடத்தில் பிடிக்கும். கழற்றிய பழைய சீலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.